இடது இடுப்பு

தண்ணீர் சரியாகத்தான் இருக்கிறது, முழங்கையை விட்டுப் பார்த்தாயிற்று, விரலை நம்ப முடியாது, சர்க்கரை வந்ததிலிருந்து விரல் நுனிகளில் மெல்லிசாக ஒரு காகிதத்தை ஒட்டிவைத்த மாதிரி இருக்கிறது, நூல் கோக்கும்போது ஊசி கையில் இருக்கிறதா மடியில் விழுந்துவிட்டதா என்று கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது, அப்படிப்பட்ட விரல் நேற்று சொன்னதை எதற்காக இவ்வளவு நேரம் கேட்டுக்கொண்டிருக்கிறேன். பலகையில் உட்கார்ந்து, சேலையை முழங்காலுக்கு மேல் ஏற்றிச் செருகி, காலை நீட்டியாயிற்று. குட்டி என் கால்களின்மேல் மல்லாந்து கிடக்கிறாள், தலை என் கணுக்கால் பக்கம், அவள் கால் இரண்டும் என் கைக்கு எட்டுகிற இடத்தில். ஞானஸ்நானத்துக்கு என்ன பேர் வைப்பது என்று பியூலாவும் மாப்பிள்ளையும் இன்னும் போனில் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள், எனக்கு இப்போதைக்கு இவள் குட்டி, பிறந்து ஒன்றரை மாதமான குட்டி, உருக்கெண்ணெய் தடவின நெற்றியில் வெயில் ஒரு பொட்டு மாதிரி விழுந்திருக்கிறது, கொல்லைக் குளியலறையின் மேல் ஜன்னல் வழியாக காலை நேரத்தில் இந்த ஒரு பொட்டு வெயில்தான் வரும். என் மூட்டு வலிக்கிறது. வலிக்கட்டும். பியூலா அறையில் தலை துவட்டிக்கொண்டிருக்கிறாள், துண்டை உதறுகிற சத்தம் கேட்கிறது, அவள் வருவதற்குள் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை பார்த்துவிட்டால் போதும். ஆனால் முதலில் எண்ணெய். எண்ணெயை அவசரப்படுத்தக் கூடாது.

நேற்று நான் ஒன்றும் தேடவில்லை. குளிப்பாட்டி, துவட்டி, தொடை இடுக்கில் ஈரம் நிற்கக் கூடாதே என்று காலை மடக்கி வெளியே விரித்தேன், வலது கால் புத்தகம் திறக்கிற மாதிரி திறந்தது, இடது கால் கொஞ்சம் முரண்டு பிடித்தது, பிறகு என் நடுவிரலுக்கு அடியில் ஏதோ ஒன்று நகர்ந்து போய் உட்கார்ந்தது. அவ்வளவுதான். குட்டி அழக்கூட இல்லை. நான் துணியைக் கட்டி, பியூலா கையில் கொடுத்துவிட்டு, அடுப்பில் இருந்த ரசத்தைப் பார்க்கப் போனேன், ரசம் பொங்கி வழிந்துகொண்டிருந்தது, துடைத்தேன், துடைக்கும்போதும் நடுவிரலில் அது இருந்தது. சொடக்கு வேறு, நழுவல் வேறு. சொடக்கு எல்லாக் குழந்தைக்கும் இருக்கும், நரம்பு எலும்பின் மேல் தட்டுவது, அது காதுக்குக் கேட்கும், ஒன்றும் செய்யாது. நழுவல் காதுக்குக் கேட்காது, விரலுக்குத்தான் தெரியும், குழியை விட்டு வெளியே நிற்கிற எலும்பின் உருண்டை மறுபடி குழிக்குள் போய் விழுவது. வேலூரில் பிசியோதெரபி படிக்கும்போது எங்களுக்கு அதை மாறி மாறித் தொட்டுப் பார்க்கச் சொன்னார்கள், எத்தனையோ பிள்ளைகளைப் பார்த்தும் எனக்குப் பிடிபடவில்லை, ஒரு நாள் பிடிபட்டது, அதன் பிறகு மறக்கவே இல்லை, சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொள்கிற மாதிரி. இடுப்பில் பிள்ளையைத் தூக்கிவைத்துக்கொள்கிற ஊர்களில் இந்தக் கோளாறு குறைவு என்றும் அங்கேதான் சொல்லித் தந்தார்கள். குறைவு என்றுதான் சொன்னார்கள். இல்லை என்று சொல்லவில்லை. பெண் பிள்ளை. தலைச்சன். வயிற்றுக்குள் தலைகீழாகத் திரும்பாமல் சம்மணம் போட்டு உட்கார்ந்தே இருந்த பிள்ளை, அதனால்தான் பியூலாவுக்கு வயிற்றைக் கிழித்து எடுத்தார்கள். பிறந்த அன்று டாக்டர் காலை விரித்துப் பார்த்ததை நானே பக்கத்தில் நின்று பார்த்தேன், நன்றாகப் பார்த்தார், அன்றைக்குச் சரியாகத்தான் இருந்தது. சில இடுப்பு பிறகுதான் வாயைத் திறக்கும். அல்லது என் விரல் பொய் சொல்கிறது. விரல் பொய் சொல்லட்டும் கர்த்தாவே, வேறு எத்தனையோ விஷயத்தில் தோற்றிருக்கிறேன், இதிலும் தோற்றுப் போகிறேன்.

நெஞ்சில் எண்ணெய், கை இடுக்கில் எண்ணெய், கழுத்து மடிப்பில் பால் கோத்துக்கொண்டிருக்கிறது, அதை மெதுவாக. பக்கத்து வீட்டு ரோஸம்மா முதல் வாரமே சொன்னாள், பிள்ளை குளிப்பாட்ட ஒரு ஆள் இருக்கிறாள், நல்லா காலை நீட்டி இழுத்து, மாறுகை மாறுகால் போட்டு, சேலைத் துணியில் வாழைத்தண்டு மாதிரி கட்டிப்போடுவாள், பிள்ளை நேராக வளரும் என்று. என் வீட்டுக்குள் அந்த வேலையே வேண்டாம் என்றேன். நீட்டி இழுக்கவில்லை, காலைச் சேர்த்துக் கட்டவும் இல்லை, அந்த ஒரு விஷயத்தில் என்னை யாரும் ஒன்றும் சொல்ல முடியாது. பியூலா அப்போதே சிரித்துக்கொண்டு ஆனால் சிரிக்காமல் சொன்னாள், "யம்மா, ஒண்ணு சொல்லுதேன், கோவப்படாத. எம்பிள்ளைய ஒரு கேஸாப் பாக்காத. உன் பேத்தியா மட்டும் பாரு." சரி என்றேன். அவளைச் சொல்லிக் குற்றமில்லை. அவளை நான் எப்படி வளர்த்தேன் என்று எனக்குத் தெரியாதா. பள்ளிக்கூடம் விட்டு வருகிற பிள்ளையிடம் என்ன படித்தாய் என்று கேட்காமல், செருப்பைக் கழற்று, குதிகால் எந்தப் பக்கம் தேய்கிறது பார்ப்போம் என்று கேட்கிற அம்மா. பியூலாவின் அப்பா ராஜமணி என்னைப் பற்றிச் சொல்வார், எப்சிபாவுக்கு ஊரில் யார் முகமும் தெரியாது, எல்லார் காலும் தெரியும் என்று. கோவிலில் பாடிக்கொண்டிருக்கும்போதே முன் வரிசையில் நிற்கிறவர் ஒரு காலில் பாரம் போட்டு நிற்பது கண்ணில் படும், பாட்டு வரி விட்டுப்போகும். மாப்பிள்ளை ஆல்வின் பெண் பார்க்க வந்துவிட்டுப் போன பிறகு, எப்படிம்மா இருக்காங்க என்று பியூலா வெட்கப்பட்டுக் கேட்டாள், நான், வலது தோள் கொஞ்சம் தாழ்ந்திருக்கு, பையை ஒரே பக்கம் மாட்டுகிறவன் போல என்றேன். ராஜமணி சிரித்துச் சிரித்து இருமலே வந்துவிட்டது. பியூலா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. கல்யாணமாகி ஏழு வருஷம் கழித்து வந்த பிள்ளை இது. நடுவில் இரண்டு முறை தங்காமல் போயிற்று, இரண்டாவது முறை ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவள் இந்தக் கொல்லையில்தான் வாளியைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தாள், அழவில்லை, யம்மா எனக்குப் பசிக்கி என்றாள், நான் தோசை சுட்டுக்கொண்டே இருந்தேன், அவள் தின்றுகொண்டே இருந்தாள். அவளிடம் போய் நான் என்ன சொல்வது. உன் பிள்ளைக்கு இடுப்பு என்று ஆரம்பிப்பதா.

பள்ளிக்கூடத்தில் டிரில் விசில். ஒன்று, இரண்டு, பிள்ளைகள் ஒரே குரலில். தெருமுனைப் பள்ளிக்கூடம், தினமும் கேட்கிறதுதான், ஆனாலும் விசில் சத்தம் கேட்டால் என் முதுகு தானாக நிமிர்ந்துகொள்கிறது, புனேயில் வந்த பழக்கம், ராணுவ ஆஸ்பத்திரியின் பின்னால் மைதானம், அங்கேயும் காலையில் விசில். எனக்கு இருபத்திரண்டு வயது, படிப்பு முடித்த கையோடு, பிசியோதெரபி என்றால் ஊரில் யாருக்கும் என்னவென்று தெரியாது, அப்பா உபதேசியார், அவர்கூடப் பிறந்த அத்தை, பட்டாளத்துக்குப் பொம்பளப் பிள்ளையை அனுப்புகிறாயா அண்ணே என்று அழுதாள், அப்பா மட்டும், கை கால் பிசைந்துவிடுகிற ஊழியம்தானே, இயேசு ராஜாவே செய்ததுதானே என்றார். நான் போய்ச் சேர்ந்த வருஷமே யுத்தம் வந்தது. டிசம்பர். ஜன்னல் கண்ணாடிக்கெல்லாம் பழுப்புக் காகிதம் ஒட்டி, உள்ளே எப்போதும் சாயங்காலம் மாதிரி. காயம்பட்டவர்கள் ரயிலில் வந்தார்கள், ஸ்டேஷனில் ஸ்ட்ரெச்சர்கள் வரிசையாக, கம்பளியின் கீழே கால் இருக்க வேண்டிய இடத்தில் கம்பளி தட்டையாகக் கிடக்கும், அதைப் பார்க்கக் கூடாது என்று முகத்தைப் பார்ப்போம், முகத்தைப் பார்ப்பது அதைவிடக் கஷ்டமாக இருக்கும், எல்லாம் மீசை சரியாக முளைக்காத முகம். ஒருவேளை அதனால்தான் நான் கால்களைப் பார்க்கப் பழகிக்கொண்டேனோ. கை விறைத்துப்போனவர்களுக்கு உருகின மெழுகில் கையை முக்கி எடுப்போம், ஆறின மெழுகு கையுறை மாதிரி உரியும், அதை எறிய விடமாட்டார்கள், பிசைந்து யானை செய்வார்கள், குதிரை செய்வார்கள், ஒருவர் எங்கள் மேட்ரன் அம்மாளை மூக்குக் கண்ணாடியோடு செய்துவைத்தார். வார்டு முழுக்க மெழுகு வாசனை, டெட்டால், பீடி. எண்ணெய் வாசனையும் உண்டு. இதே எண்ணெய் இல்லை. ஆனால் தோலின் மேல் எண்ணெய் சூடாகும்போது வருகிற வாசனை எல்லா இடத்திலும் ஒன்றுதான், ஆறடி ஆளாக இருந்தாலும், குட்டி, உன்னை மாதிரி ஒரு முழம் ஆளாக இருந்தாலும்.

நேகி. அவர் பெயர் இப்போது ஏன் வந்தது என்று தெரியும், தெரியாத மாதிரி இருக்க வேண்டாம். லான்ஸ் நாயக் நேகி, கட்வால் மலைக்காரர், தொடைக்குப் பின்னால் குண்டுச் சிதறல், காயம் ஆறிவிட்டது, கால் முழுசாக இருந்தது, பக்கத்துக் கட்டில்காரர்கள் எல்லாம் அவரைக் கொடுத்துவைத்தவர் என்றார்கள், பாதம் மட்டும் தொங்கியது, ஈரத் துணி மாதிரி. நரம்பு அறுந்திருக்கலாம், நசுங்கியிருக்கலாம், நசுங்கியிருந்தால் திரும்பி வரும், பொறுத்துப் பார்க்கச் சொன்னார் சர்ஜன். நான் தினமும் மின்சார மெஷினை வைத்து அந்தத் தசையைத் தட்டி எழுப்பிப் பார்ப்பேன், தூங்குகிற வீட்டுக் கதவைத் தட்டுகிற மாதிரி. என் ஹிந்தி உடைசல், அவருடைய ஹிந்தி மலை ஹிந்தி, எனக்கு எல்லாரையும் திட்டத்தான் வரும், தூக்கு, இன்னும் தூக்கு, சோறு தின்றாயா இல்லையா என்று. வாரக்கணக்காகத் தட்டியும் கதவு திறக்கவில்லை. ஒரு நாள் மெஷினை வைத்த உடனே எனக்குத் தெரிந்துவிட்டது, இனி இல்லை. சொல்லாமல் வேலையைத் தொடர்ந்தேன். இன்றைக்கு வெயில் நன்றாக இருக்கிறது, வெளியே நாற்காலி போடச் சொல்லட்டுமா, வீட்டில் அம்மா எப்படி இருக்கிறார்கள், கடிதம் வந்ததா என்று பேசிக்கொண்டே இருந்தேன். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு சொன்னார், "சிஸ்டர், திட்டுங்களேன்." எதற்கு என்றேன். "நீங்கள் திட்டுகிற நாளில் எனக்குப் பயமில்லை. இன்றைக்கு அன்பாக இருக்கிறீர்கள்." மெஷினை அணைத்தேன். சர்ஜன்தான் சொல்ல வேண்டும், நான் சொல்லக் கூடாது, அதெல்லாம் தெரியும், ஆனால் கேட்டது அவர், கேட்டது என்னிடம். நரம்பு வராது நேகி, பாதம் தானாகத் தூக்காது, பூட்ஸுக்குள் ஒரு பட்டை வைத்துத் தருவோம், அது தூக்கிப் பிடிக்கும் என்றேன். அவர் ஜன்னல் பழுப்புக் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மலை ஏற முடியுமா என்றார். ஏறலாம், இறங்குவதுதான் கஷ்டம் என்றேன். "எங்கள் ஊரில் ஏறினால் இறங்கித்தான் ஆக வேண்டும், சிஸ்டர்" என்று சொல்லிச் சிரித்தார், சிரித்துவிட்டுக் கம்பளியை இழுத்து முகத்தில் போட்டுக்கொண்டார். மறுநாள் அவரே கூப்பிட்டார், மாடிப்படிக்குப் போகலாம் என்று. ஆஸ்பத்திரியின் பின்பக்கப் படியில் இறங்கப் பழகினோம், நான் கீழ்ப்படியில் பின்னோக்கி இறங்கிக்கொண்டே, அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு. பிறகு பட்டை வந்தது, டிஸ்சார்ஜ் ஆனார், போனார். மலையில் ஏறினாரா, இறங்கினாரா, தெரியாது. எங்கள் வேலையில் யாரையும் முடிவு வரைக்கும் பார்க்கக் கிடைப்பதில்லை, வாசல் வரைக்கும்தான், வாசலில் இரண்டு அடி நன்றாக எடுத்து வைத்தால் சந்தோஷப்பட்டு அடுத்த கட்டிலுக்குத் திரும்பிவிட வேண்டும்.

முதல் செம்பு. நெஞ்சில் ஊற்றக் கூடாது, திடுக்கிடுவாள், முதலில் கால், பிறகு வயிறு, இதோ பிறகு தலை. அழு, நன்றாக அழு, நுரையீரலுக்கு நல்லது. பயத்தமாவு கண்ணில் படாமல் என் பாதம் இரண்டையும் சேர்த்து உன் தலைக்கு அண்டை கொடுத்திருக்கிறேன், பார். "மீனே... சாளை, நெத்திலி..." என்று தெருவில் மீன்காரி போகிறாள், பியூலாவுக்குப் பால் ஊற நெத்திலி நல்லது, கூப்பிட வேண்டும், கூப்பிடப் போவதில்லை, அவள் குரல் கோவில் பக்கம் திரும்பித் தேய்கிறது. நாளைக்குத் தடுப்பூசிக்குப் போகப்போகிறோம். டாக்டரே பார்க்கட்டும். அவர் காலை விரிப்பார், அவர் விரலுக்குப் படும், அவர் வாயால் வரும், நான் பக்கத்தில் நின்று ஐயோ அப்படியா என்று கேட்டுக்கொள்ளலாம். ஒரு நாள்தானே. ஒரு நாளில் ஒன்றும் ஆகிவிடாது, அது உண்மை, ஒரு நாளில் ஒன்றும் ஆகாது. ஆனால் அவர் அவசரத்தில் இருந்தால். பிள்ளை உடம்பை முறுக்கி அழுதுகொண்டிருந்தால், அழுகிற பிள்ளைக்கு இடுப்பு இறுகிவிடும், ஒன்றும் தெரியாது. பிறகு ஒரு வயதில் எழுந்து நிற்பாள், ஒரு பக்கம் சாய்ந்து நடப்பாள், ஆசையாகத்தான் இருக்கும் பார்ப்பதற்கு, வாத்து மாதிரி நடக்கிறாள் என்று ரோஸம்மா சிரிப்பாள், நான் ஒருத்தி மட்டும் சிரிக்காமல். சரி. இப்போது அழுகையை நிறுத்திவிட்டாள். வெதுவெதுப்பில் உடம்பு தளர்ந்து வெண்ணெய் மாதிரி இருக்கிறது, இதைவிட நல்ல நேரம் கிடைக்காது. முதலில் வலது. முழங்காலை மடக்கி, கட்டைவிரல் தொடையின் உள்ளே, நடுவிரல் வெளியே அந்தச் சின்ன எலும்பு முண்டில். மெதுவாக வெளியே. சுத்தம். இடது. மூச்சை அடக்காதே எப்சிபா, நீ மூச்சை அடக்கினால் கை இறுகும். வெளியே, இன்னும் கொஞ்சம், நடுவிரலால் லேசாக மேலே தள்ளு.

அது போய் உட்கார்ந்தது. காகிதம் ஒட்டின விரலுக்கே இவ்வளவு தெளிவாக. தாழ்ப்பாள் குழியில் விழுகிற மாதிரி. காலைத் திரும்பச் சேர்த்தால் எலும்பு வெளியே போகிறது, விரித்தால் குழிக்குள் விழுகிறது. இன்னொரு தடவை பார்க்க வேண்டிய அவசியமில்லை, பார்த்தால் பிள்ளைக்குத்தான் கெடுதல். குட்டி என்னைப் பார்க்கிறாள். ஒன்றும் தெரியாத கண், அதில் ஜன்னல் தெரிகிறது. என் செல்லமே, என் தங்கமே, என் ராஜாத்தி, பொன்னுக் குட்டியில்லையா, யாரு பொன்னு, நீதான் பொன்னு, இந்தா இன்னொரு செம்பு, இதமா இருக்கா, என் கண்ணு...

"என்ன யம்மா, இன்னைக்குக் கொஞ்சல் ஒரேயடியா இருக்கு?"

பியூலா வாசல் நிலையில் சாய்ந்து நிற்கிறாள். ஈரத் தலையில் துண்டைச் சுற்றியிருக்கிறாள், நைட்டியில் ஒரு பக்கம் பால் நனைந்திருக்கிறது, வயிற்றுத் தையல் இழுக்காமல் இருக்க ஒரு கையால் வயிற்றைத் தாங்கியிருக்கிறாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாளோ. "தினம் டிரில் மாஸ்டர் மாதிரில்லா அவகிட்டப் பேசுவே. கைய நீட்டு, கால ஆட்டு, அழாதன்னு." என் வாய் ஒன்றுமில்லை என்று சொல்லத் தயாராகிவிட்டது, வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்து நிற்கிறது, நான் அந்த மலைக்காரரை நினைக்கவில்லை, நினைக்க நேரமில்லை, என் பெண்ணின் முகம்தான், இரண்டு முறை காலியான கையோடு வந்து இதே கொல்லையில் உட்கார்ந்த முகம், அது என் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறது.

"பியூலா, வா. அந்த முக்காலிய இழுத்துப் போட்டு உக்காரு."

"சொல்லு. நின்னுக்கிட்டே கேக்கேன்."

"குட்டிக்கு எடது பக்க இடுப்பு எலும்பு குழியில சரியா உக்காரல. அசைச்சா வெளிய போகுது, உள்ள வருது. நேத்து லேசாப் பட்டுச்சு, எனக்கே நம்பிக்கையில்ல. இன்னைக்குப் பாத்தேன். இருக்கு."

அவள் அழுவாள் என்று நினைத்தேன். கத்துவாள், உன்னை யார் பார்க்கச் சொன்னது என்பாள் என்று நினைத்தேன். அவள் நிலையிலிருந்து நகர்ந்து வந்து, ஈரத் தரையில் பார்த்துப் பார்த்துக் கால் வைத்து, முக்காலியில் உட்கார்ந்தாள். குட்டியின் தொடையைத் தொட்டாள்.

"இந்த மடிப்பா?"

"எந்த மடிப்பு?"

"இந்தா பாரு. வலது தொடைல ரெண்டு, எடது தொடைல மூணு. துணி மாத்தும்போது போன வாரமே பாத்தேன்."

மூன்றுதான். வலதில் இரண்டு, இடதில் மூன்று, படிக்கிற பிள்ளைக்குக்கூட முதல் பாடம், மடிப்பு ஏறுமாறாக இருந்தால் இடுப்பைப் பார் என்று. ஒன்றரை மாதமாகத் தினம் குளிப்பாட்டுகிறேன், நான் எண்ணவில்லை. கேஸாகப் பார்க்காதே என்றாள், சரி என்றேன், முகத்தையும் கழுத்தையும் விரலையும் பார்த்தேன், தொடை வந்தால் கண்ணை வேறெங்கோ வைத்துக்கொண்டு கையால் கழுவினேன்.

"ஏன் எங்கிட்டச் சொல்லல?" என்றேன், கேட்க எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது என்று தெரிந்தே.

"உங்கிட்டச் சொல்லவா? ரோட்டுல போறவன் செருப்புத் தேஞ்சதச் சொல்லுதவ நீ. உனக்குத் தெரியாம இருக்குமா? நீ தினமும் குளிப்பாட்டி, தொவட்டி, ஒண்ணும் சொல்லாமக் கொண்டாந்து எங்கையில குடுப்பல்லா, அப்பதான் எனக்கு மூச்சே வரும். சரி, இன்னைக்கும் அம்மை ஒண்ணும் சொல்லல, அப்ப ஒண்ணுமில்லன்னு." துண்டு நுனியை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

"நீதான கேஸாப் பாக்காதன்னே."

"நான் சொன்னா நீ கேட்டுருவியா? பொறந்ததுலருந்து நான் சொன்னது ஒண்ணாவது நீ கேட்டிருக்கியா? இத மட்டும் போயிக் கேட்டிருக்கே." அழுதுகொண்டே சிரித்தாள், சிரித்ததும் தையல் இழுத்தது, யம்மா என்று வயிற்றைப் பிடித்தாள். எனக்கு எழுந்து போய் அவளைப் பிடிக்க வேண்டும், பிடிக்க முடியாது, காலில் குட்டி கிடக்கிறாள், ஒரு செம்புத் தண்ணீரை எடுத்துக் குட்டியின் வயிற்றில் ஊற்றினேன், குளிரக் கூடாதே. இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் காவல் காத்திருக்கிறோம். அவள் என் வாயைப் பார்த்துக்கொண்டு, நான் அவள் மனசைப் பார்த்துக்கொண்டு, நடுவில் பிள்ளையின் எலும்பு அது பாட்டுக்கு உள்ளேயும் வெளியேயும் போய்க்கொண்டிருந்திருக்கிறது. புனேயில் எத்தனை பேரிடம் உள்ளதைச் சொல்லியிருக்கிறேன், அவர்கள் எல்லாம் வேற்று அம்மாக்களின் பிள்ளைகள்.

"நடப்பாளா யம்மா?"

"நடப்பா. ஓடுவா. இந்த வயசுல தெரிஞ்சது நல்லது. ஸ்கேன் எடுத்துப் பாப்பாங்க. பாத்துட்டு வாரு போடுவாங்க, தோள்லருந்து கால் வரைக்கும், தவள மாதிரிக் கால விரிச்சு மடக்கி. அப்படியே ரெண்டு மூணு மாசம் இருந்தா எலும்பு தானா குழிக்குள்ள படிஞ்சிரும். வலிக்காது. பெரும்பாலும் ஆபரேஷன் தேவப்படாது."

"பெரும்பாலும்னா?"

இந்த இடத்தில்தான் எல்லாரும் கேட்பார்கள். இந்த ஒரு வார்த்தையை யாரும் விடுவதில்லை. "பெரும்பாலும்னா பெரும்பாலும்தான். சில பிள்ளைக்கு வாருல நிக்காது. அப்ப மாவுக்கட்டு போட வேண்டி வரும். அதயும் சேத்தே சொல்லிடுதேன். இனிமே உங்கிட்ட ஒண்ணயும் பாதியாச் சொல்ல மாட்டேன்."

அவள் தலையை ஆட்டினாள். துண்டு அவிழ்ந்து தோளில் விழுந்தது, எடுக்கவில்லை. "அவங்ககிட்டச் சொல்லணும்" என்றாள், மாப்பிள்ளையைத்தான். பிறகு, "நீ போன்ல சொல்லு, நான் பக்கத்துல நிக்கேன்" என்றாள். பிறகு குட்டியின் இடது பாதத்தை உள்ளங்கையில் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், அவள் கட்டைவிரல் அந்தப் பாதத்தைவிட ஒரு கடுகுதான் சின்னது. பள்ளிக்கூட மைதானத்தில் சத்தம் நின்றுவிட்டது. அண்டாவில் ஆவி குறைந்துகொண்டு வருகிறது. அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று என் தலை வரிசைப்படுத்தத் தொடங்கிவிட்டது, யாருக்குப் போன் போடுவது, ஸ்கேனுக்கு எங்கே போவது, ஆட்டோ குலுக்கும், கார் சொல்ல வேண்டும், வாரின் மேல் போட அகலமான சட்டை தைக்க வேண்டும், துணி கட்டுவதை இவளுக்குப் புதிதாகச் சொல்லித்தர வேண்டும். பயம் எங்கேயும் போகவில்லை, ஓரமாகத்தான் உட்கார்ந்திருக்கிறது, வேலை வந்ததும் கொஞ்சம் இடம் விட்டிருக்கிறது.

"அந்த வாரு, அதக் கழட்டிட்டுக் குளிப்பாட்டலாமா?"

"ஆரம்பத்துல கூடாது. துணிய நனைச்சுத் தொடைக்கதுதான்."

"எத்தன நாளு?"

"அவங்க சொல்லுத வரைக்கும். மாசக்கணக்காகும்."

பியூலா அண்டாவைப் பார்த்தாள். குட்டியைப் பார்த்தாள். இதுவரைக்கும் அவள் ஒரு நாளும் குளிப்பாட்டவில்லை, தையல் இருக்கிறது குனியாதே என்று நான்தான் விடவில்லை, அவளும் கேட்கவில்லை, வழுக்கிவிடுமோ என்று பயந்துகொண்டு வாசலில் நின்று பார்ப்பாள். இப்போது முக்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்தாள்.

"தள்ளு யம்மா. இன்னைக்கு நான் ஊத்துதேன்."

"தையலு..."

"தள்ளுன்னு சொல்லுதேன்லா."

குட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு, சுவரைப் பிடித்து, மூட்டு கிறீச்சிட எழுந்தேன். அவள் நைட்டியை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டு, ஒரு கையைத் தரையில் ஊன்றி, பல்லைக் கடித்துக்கொண்டு பலகையில் உட்கார்ந்தாள், முதுகுக்கு நான் என் காலை அண்டை கொடுத்தேன். கால்களை நீட்டினாள். நான் குனிந்து குட்டியை அந்தக் கால்களின்மேல் வைத்தேன். "ஐயோ, வழுக்கா" என்றாள். "வழுக்கத்தான் செய்வா, எண்ணெய். பாதத்தச் சேத்து வை, தலைக்கு. ஒரு கை நெஞ்சுல. அமுக்காத. ம்." செம்பை எடுத்துக் கொடுத்தேன். அவள் செம்பைக் கோணலாகச் சாய்த்தாள், பாதித் தண்ணீர் என் சேலையில், பாதி குட்டியின் நெஞ்சில் நேராக விழுந்தது. குட்டி மூச்சை உள்ளே இழுத்தாள், முகம் சுருங்கிச் சிவந்தது, ஒரு கணம் சத்தமே இல்லை, பிறகு தெருவுக்குக் கேட்கிற மாதிரி வீறிட்டு, எண்ணெய்த் தண்ணீர் எங்கள் முகத்தில் தெறிக்கத் தெறிக்க உதைத்தாள்.

"ரெண்டு காலாலயும் உதைக்கா, யம்மா, பாரேன்" என்றாள் பியூலா, முகத்தைத் துடைக்காமலே, அடுத்த செம்புக்குக் கையை நீட்டி.